கார்ப்பந்தயக் கேமும் என் வலது காலும்

கேம் விளையாடிப் பழகிய பிள்ளை கார் பழக வந்தால் எப்படிக் கையாள்வது என்று புதிய பயிற்றுநர்களான உங்களில் சிலர் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். தெருவில் கார்ப்பந்தயம் ஓடும் அந்தக் கேமைத்தான் சொல்கிறீர்கள். இப்போது கார் பழக்கும் நம்முடைய லேனர்ஸ் பள்ளிகளுக்கு வரும் இளம் பிள்ளைகளில் அதைத் தொட்டே பார்க்காதவர்கள் குறைவு. ஒரு காலத்தில் கேட்டிருந்தால், "முதலில் அந்தக் கேம் பெட்டியைத் தூக்கி எறியச் சொல்லுங்கள்" என்று சொல்லியிருப்பேன். கிட்டத்தட்ட அப்படிச் சொல்லவும் செய்தேன். அதனால் வந்ததைத்தான் எழுதப் போகிறேன். அந்தக் கேமின் நல்லதும் கெட்டதும் எனக்கு ஓரளவு தெரியும். ஆனால் என் வலது காலைப் பற்றிச் சொல்லாமல் அவற்றைச் சொல்ல எனக்கு உரிமையில்லை.

நம்முடைய பயிற்சிக் காரில், பக்கத்து இருக்கையில் இருக்கும் நமக்கும் ஒரு பிறேக் மிதி உண்டு. அது பயிலுநரின் மிதியோடு ஒரு கம்பியால் பிணைக்கப்பட்டது. நாம் மிதித்தால் அவர்களுடைய மிதியும் சேர்ந்து கீழே போகும். பயிலுநரின் கால் ஏற்கெனவே மிதியில் இருந்தால், நாம் மிதித்தது அவருக்குத் தெரியவே தெரியாது. தன் கால்தான் அழுத்துகிறது என்று நினைப்பார். பிறேக் இன்றைக்கு இலகுவாக இருக்கிறது என்றுகூட நினைக்கலாம்.

என்னுடைய முதல் காருக்கு இந்த மிதியைப் பொருத்திய கராச்சில் அதோடு ஒரு சின்ன மணியும் வைத்துத் தந்தார்கள். பயிற்றுநர் மிதித்தால் மணி அடிக்கும். அக்காலத்தில் நடுத்தர வயது ஆசிரியை ஒருவர் பழக வந்தார். கெட்டிக்காரி, ஆனால் தெருவைக் கண்டால் பயம். ஒருநாள் மானிப்பாய் வீதியில் மூன்று தடவை மணி அடித்துவிட்டது. மூன்றாவது தடவை காரை ஓரங்கட்டி, கைக்குட்டையை முகத்தில் பொத்திக்கொண்டு அழுதார். "பள்ளிக்கூடத்திலை நான் பிள்ளையளுக்கு இப்பிடி மணி அடிக்கிறேல்லை, சேர்" என்றார். பிறகு அவர் வரவில்லை. அன்றைக்கே மணியின் வயரை வெட்டிவிட்டேன்.

அதற்குப் பிறகு எங்கள் பள்ளிக்கு நல்ல பெயர் வந்தது. "அந்த மாஸ்டர் ஏச மாட்டார், பயப்பிடுத்த மாட்டார், அவரிட்டை விட்டால் பிள்ளை சுகமாய் ஓடும்" என்று சொல்லிக்கொண்டார்கள். சைக்கிள் குறுக்கே வரும், மாடு திரும்பும், ஒழுங்கைக்குள்ளிருந்து மோட்டார் சைக்கிள் பாயும். பயிலுநர் பிறேக்கில் கால் வைப்பார். அவர் வைத்தது போதாது என்று தெரிந்தால் என் கால் மெல்ல மீதியை அழுத்தும். கார் நிற்கும். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். வெளியே பார்த்துக்கொண்டு, "ஓம், போங்கோ" என்பேன். பயிலுநரின் முகத்தில் ஒரு தெளிவு வரும். அந்தத் தெளிவைப் பார்ப்பதில் எனக்கு ஆசை இருந்தது. அதை இன்றைக்கு மறைக்க விரும்பவில்லை.

ஜெசிந்தா குருநகரிலிருந்து வந்தவள். தகப்பனார் கடல் தொழிலுக்குப் போகிறவர். துறையில் மீன் வாங்கி, ஐஸ் பெட்டியில் போட்டு, ரவுணில் இருக்கும் சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுப்பது அவளுடைய வேலை. அதை ஓட்டோ பிடித்துச் செய்துகொண்டிருந்தாள். ஒரு பழைய வான் வண்டியை வீட்டில் வாங்கியிருந்தார்கள். அதை ஓட்ட ஆள் இல்லை. தமையன் வெளிநாட்டில். அவன் அனுப்பியதுதான் அந்தக் கேம் பெட்டியும்.

முதல் நாளே அவளிடம் சில நல்ல பழக்கங்களைக் கண்டேன். புதியவர்கள் வழக்கமாக பொனற்றின் நுனியைப் பார்ப்பார்கள். அவள் தூரத்தைப் பார்த்தாள். வளைவில் நுழையும்போதே வளைவு முடியும் இடத்தில் அவள் கண் இருந்தது. ஸ்ரியறிங்கை முறுக்கிப் பிடிக்கவில்லை.

"முதல் எங்கையும் ஓடினனீங்களோ?" என்று கேட்டேன்.

"ஓம் சேர். கேமிலை. ஒரு நகரம் முழுக்க ஓடி முடிச்சனான்."

"அங்கை பொலிஸ் இல்லையோ?"

"இருக்கு. ஆனா எனக்குப் பின்னாலைதான் வரும்."

சிரித்துவிட்டேன். கெதியாகப் பழகினாள். ஒரு குறை மட்டும் இருந்தது. பிறேக்கைப் பிந்திப் பிடிப்பாள், மெல்லவும் பிடிப்பாள். ஆனால் கார் எப்போதும் சரியான இடத்தில் நின்றது. ஏன் நின்றது என்று உங்களுக்கு இப்போது தெரியும். லைசன்ஸுக்கான ட்ரயலிலும் பாஸானாள். ட்ரயலில் யாரும் குறுக்கே பாய்வதில்லை.

லைசன்ஸ் கிடைத்துச் சில வாரங்களில் அது நடந்தது. காலையில், நல்லூர்ப் பக்கத்தில், வான் நிறைய ஐஸும் மீனுமாக அவள் வந்துகொண்டிருக்கிறாள். முன்னால் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் சைக்கிளில் போகிறார். ஒரு வீட்டு வாசல் படலையிலிருந்து நாய் ஓடிவர, அவர் சைக்கிளை வெட்டித் தெருவின் நடுவுக்கு வந்துவிட்டார். அவள் பிறேக் பிடித்தாள். வான் வேகம் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. அவர் விழுந்தார். தோள் எலும்பு முறிந்தது.

ஆசுபத்திரி வாசலில் அவளையும் தகப்பனாரையும் கண்டேன். வானின் பிறேக்கில் பழுதில்லை என்று பார்த்தவர்கள் சொல்லிவிட்டார்கள்.

"சேர், நான் பிடிச்சனான். வழக்கமாய்ப் பிடிக்கிற மாதிரித்தான் பிடிச்சனான்" என்றாள். "அந்தத் தூரத்திலை எப்பவும் நிக்கிறதுதானே?"

தகப்பனார் என் முகத்தைப் பார்த்தார். நான் சொன்னேன்: "அது கேமிலை, பிள்ளை. தெருவிலை நிக்காது."

இந்த வசனத்தைப் பிறகு பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அவள் என்ன சொல்கிறாள் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை என்று சொன்னால் அது முக்கால்வாசி உண்மை. மீதிக் கால்வாசி எனக்குள் எங்கேயோ கிடந்தது. அதைத் தொட்டுப் பார்க்காமல் வாய் முந்திக்கொண்டது. இத்தனை ஆண்டு மாஸ்டரின் வாய் அல்லவா, அதை எல்லோரும் நம்பினார்கள். ஜெசிந்தாவும் நம்பினாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

இரண்டு நாள் கழித்துத் தகப்பனார் அந்தக் கேம் பெட்டியை மீன் பெட்டிக்குள் வைத்துக் காவிக்கொண்டு பள்ளிக்கு வந்தார். என் மேசையில் வைத்தார்.

"உதை நீங்களே வைச்சிருங்கோ, மாஸ்டர். வீட்டிலை கிடந்தால் நான் கடலிலை போட்டிடுவன். பெடியன் அனுப்பினது எண்டு மனுசி அழுவா."

"வான்?"

"குடுக்கப் போறன். கேட்டு ஆள் வந்திருக்கு. பிள்ளை இனி ஓட வேண்டாம். விளையாட்டுப் புத்தி. கடலிலை எண்டாலும் தெருவிலை எண்டாலும் விளையாட்டுப் புத்தி கூடாது."

"ஓம்" என்றேன். அந்த "ஓம்" இரண்டாவது பிழை.

அடுத்த மாதம் எங்கள் பயிற்றுநர்களின் கூட்டம் இருந்தது. கேம் பிள்ளைகளைக் கெடுப்பது பற்றி நான் பேசுவதாக ஒத்துக்கொண்டிருந்தேன். படித்த மனிதன் பார்க்காத பொருளைப் பற்றிப் பேசக்கூடாது என்று எனக்கு ஒரு கொள்கை உண்டு. பள்ளிக்கூடத்தில் பௌதிகவியல் படிப்பித்தவன் நான். பரிசோதனை செய்யாமல் முடிவு எழுதக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொன்னவன். ஆகவே பெட்டியைப் போட்டுப் பார்க்க வேண்டும். எந்த வயரை எங்கே செருகுவது என்று தெரியவில்லை. வெட்கத்தை விட்டு ஜெசிந்தாவுக்கே கோல் எடுத்தேன். பின்னேரம் வந்தாள். மெலிந்திருந்தாள். மீன் இப்போது திரும்பவும் ஓட்டோவில்தான் போகிறது என்றும், பிந்திப் போவதால் இரண்டு கடைகள் வேறு ஆளைப் பிடித்துவிட்டன என்றும் சொன்னாள். வீதிச் சமிக்ஞைகளைக் காட்டும் வகுப்பறை ரிவியில் பெட்டியை இணைத்தாள். கொன்ரோலரை என் கையில் தந்துவிட்டுப் பின் வரிசை வாங்கில் போய் இருந்தாள்.

நான் அதை ஒரு குற்றவாளியை விசாரிப்பது போலத்தான் தொடங்கினேன்.

நல்லதை முதலில் சொல்கிறேன். வேகம் என்றால் என்ன என்பதை அது கண்ணுக்கும் காதுக்கும் சொல்லித் தருகிறது. வேகம் கூடக்கூடத் தெருவின் இரு பக்கமும் கரைந்துபோய், பார்க்கக்கூடிய இடம் ஒரு கிணற்று வாய் அளவுக்குச் சுருங்குகிறது. இதை நான் கரும்பலகையில் எத்தனையோ தடவை கீறி விளங்கப்படுத்தியிருக்கிறேன். கேமில் ஒரு நிமிடத்தில் விளங்கியது. மழை பெய்த தெருவில் சக்கரம் பிடிமானம் இழப்பதை அது கிட்டத்தட்டச் சரியாகக் காட்டுகிறது. கண்ணைத் தூரத்தில் வைக்காதவனை மதிலில் அடித்துத் தண்டிக்கிறது. ஜெசிந்தாவின் நல்ல பழக்கங்கள் எங்கிருந்து வந்தன என்று அங்கேதான் கண்டேன்.

நான் முதல் வளைவிலேயே மதிலில் போய் மோதினேன். அடுத்ததில் கடைக்குள் புகுந்தேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"சேர், அது நடைபாதை."

"தெரியும், பிள்ளை."

"எல் போட் ஒண்டு கட்டி விடட்டோ?"

விபத்துக்குப் பிறகு அவள் சிரித்ததை அன்றைக்குத்தான் கண்டேன்.

கெட்டதும் இருந்தது. மோதிய காருக்குப் பெயின்ற் மட்டும் கீறுகிறது. ஒரு பொத்தானை அழுத்தினால் நடந்தது நடக்காததாகி, கார் பின்னோக்கிப் போய் வளைவுக்கு முன்னால் நிற்கிறது. மற்ற வாகனங்கள் நாம் முந்துவதற்காகவே ஓடுகின்றன. அவற்றுக்குள் வீட்டுக்குப் போக வேண்டியவர் யாரும் இல்லை. எனக்கு எல்லாவற்றிலும் பெரிய குறையாகப் பட்டது வேறு. அவ்வளவு பெரிய நகரத்தில், அவ்வளவு வீடுகளில், ஒருவரும் படலையைத் திறந்துகொண்டு வெளியே வரவில்லை. ஒரு நாயும் வரவில்லை. தெரு யாருடையதுமாக இல்லாமல் கிடந்தது. நம்முடைய தெருவில் ஓடுவது என்பது பாதி, திறக்கப்போகும் படலைகளை நினைத்து ஓடுவது. அதை அந்தக் கேம் சொல்லித் தராது. சில மணி நேரத்தில் அது சலித்தும் போகும் என்று தோன்றியது. எந்தத் தெருவில் ஓடினாலும் ஒரே ஓட்டம்தான்.

இவ்வளவும் என் பேச்சுக்குப் போதும். கொன்ரோலரைக் கீழே வைக்கப் போனேன். அப்போது ஒன்றைக் கவனித்தேன். சில வளைவுகளுக்கு முன்னால், நான் பிந்தினாலும் கார் தானாக வேகம் குறைந்தது. அப்படிக் குறையும்போது திரையின் கீழ் மூலையில் ஒரு சின்னச் சிவப்பு எரிந்தது.

"உதென்ன சிவப்பு?"

"அது கேம் பிடிக்கிற பிறேக், சேர். நீங்கள் புதுசெண்டபடியால் நான் போட்டு விட்டனான். நீங்கள் பிடிச்சது போதாட்டி மிச்சத்தை அது பிடிக்கும்."

"பிடிச்சால் சிவப்பு எரியுமோ?"

"ஓம். இல்லாட்டி நாங்கள்தான் பிடிச்சது எண்டு நினைச்சிடுவமே" என்றாள். "பிறகு அதை நிப்பாட்டிப்போட்டு ஓட வேணும். முதல்நாள் நான் நிப்பாட்டினவுடனை எல்லா மதிலிலையும் அடிச்சனான்."

நான் விளையாடுவதை நிறுத்தினேன். திரையில் என் கார் தெரு நடுவில் நின்றது. பின்னால் வந்த கார்கள் ஒவ்வொன்றாக முந்திப் போயின.

ஆசுபத்திரி வாசலில் அவள் கேட்டது அப்போது முழுவதும் என் காதில் விழுந்தது. அந்தத் தூரத்தில் எப்போதும் நிற்கிறதுதானே. ஓம், நின்றது. இரண்டு கால்களின் அழுத்தத்தில் நின்றது. அந்தத் தூரத்தையும் அந்த அழுத்தத்தையும் அவள் காலுக்குப் பழக்கியவன் நான். வானில் அவள் பழகியபடியே மிதித்தாள், மீதியை அழுத்த யாரும் இல்லை. வானில் ஐஸ் பாரம் இருந்தது, காரை விட அதை நிறுத்துவது கடினம் என்பதும் உண்மை. ஆனால் அதற்குப் பின்னால் நான் ஒளிய முடியாது. தன் காலின் அளவை அறிந்தவள் இன்னும் இறுக்கி மிதித்திருப்பாள். அவளுக்குத் தன் கால் எதுவென்றே நான் காட்டவில்லை. கேம் காட்டியது.

சொல்லாமல் இருந்திருக்கலாம். அவளுக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. அந்த நினைப்பும் எனக்கு வந்தது. வந்ததை மறைக்காமல் எழுதுகிறேன்.

"பிள்ளை, எங்கடை காரிலையும் உது இருக்கு" என்றேன். "சிவப்புத்தான் இல்லை."

முதலில் அவளுக்கு விளங்கவில்லை. விளங்கப்படுத்தினேன். மணியைப் பற்றியும் வயரைப் பற்றியும் சொன்னேன்.

"எத்தினை தரம் பிடிச்சனீங்கள்?"

"தெரியாது."

"தெரியாதெண்டால்?"

"எனக்கே தெரியாமல் கால் போகும், பிள்ளை. பழக்கமாய்ப் போச்சு."

"அப்ப நான் ஒருநாளும் தனியப் பிடிச்சு நிப்பாட்டேல்லையோ?" குரல் உயர்ந்தது. "அப்பா என்னை விளையாட்டுப் புத்தி எண்டார். நீங்கள் பக்கத்திலை நிண்டனீங்கள். நானும் அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டு இருக்கிறன், சேர். ராவெல்லாம்."

மன்னிப்புக் கேட்டேன். அவள் ஏற்றுக்கொண்டதாகவும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "அப்பாவிட்டை வந்து சொல்லுங்கோ. வான் போறதுக்கு முதல் சொல்லுங்கோ" என்றாள்.

மறுநாள் காலை குருநகருக்குப் போனேன். தகப்பனார் கரையில் வலையிலிருந்து பாசி எடுத்துக்கொண்டிருந்தார். கேம் பெட்டியை அதே மீன் பெட்டியில் கொண்டுபோயிருந்தேன். எழும்பி வரச் சொல்லாமல் நானே மணலில் அமர்ந்து, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கை நிற்கவில்லை. கேட்டுக்கொண்டே பாசியைப் பிடுங்கினார்.

"மாஸ்டர், நான் பெடியனுக்கு நீச்சல் பழக்கேக்கை வயித்துக்குக் கீழை கை குடுத்தனான்" என்றார் கடைசியில். "கையை எடுக்கேக்கை, எடுக்கிறன் எண்டு சொல்லித்தான் எடுத்தனான். அவன் பயத்திலை குளறினவன். எண்டாலும் சொல்லித்தான் எடுத்தனான்."

"ஓம்."

"வானுக்கு இண்டைக்குப் பின்னேரம் ஆள் வருது." கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார். "வர வேண்டாம் எண்டு சொல்லுறன். ஆனால் பிள்ளை இனி ஓடுமோ தெரியாது. அதை நீங்கள்தான் பாக்க வேணும்." பிறகு பெட்டியைக் காட்டினார். "உதிட்டை நான் என்னத்தைச் சொல்லி மன்னிப்புக் கேக்கிறது? கடலிலை போடப் போனனான் உதை."

தபால்காரர் வீட்டுக்கும் போனேன். கையைக் கழுத்தில் தொங்கும் துணித் தொட்டிலில் கட்டிக்கொண்டு கதிரையில் இருந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "ஒரு பிள்ளை இடிச்சது எண்டுதான் இவ்வளவு நாளும் நினைச்சன். இப்ப நீங்களும் சேந்து இடிச்சதாச் சொல்லுறியள்" என்றார். சிரிப்பாகச் சொன்னார் என்றாலும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழும்பும்போது, "அந்த நாய்க்கும் போய்ச் சொல்லிப்போட்டுப் போங்கோ" என்றார்.

கூட்டத்தில் நான் பேசவிருந்ததைப் பேசவில்லை. இதைப் பேசினேன். சிலருக்குப் பிடிக்கவில்லை. மணி அடித்தால் பிள்ளைகள் வேறு பள்ளிக்குப் போய்விடுவார்கள் என்றார்கள். போகலாம். மணியின் வயரைத் திரும்பப் பூட்டினேன்; நான் ஓய்வெடுக்கும் வரை எங்கள் காரில் மணி அடித்தது, சிலர் போகவும் செய்தார்கள்.

உங்களுக்கு ஒன்றுதான் சொல்ல இருக்கிறது. பிறேக்கைப் பிடியுங்கள். பிடிக்காமல் விடச் சொல்லவில்லை. ஒரு உயிர் குறுக்கே வரும்போது உங்கள் கால் யோசிக்கக்கூடாது. ஆனால் கார் நின்றவுடன் வாயைத் திறந்து, "இது நான் பிடித்தேன்" என்று சொல்லுங்கள். அந்தப் பிள்ளையின் முகம் வாடும். வாடட்டும். அந்த வாட்டத்தைத் தாங்க உங்களால் முடியாவிட்டால் இந்தத் தொழிலுக்கு வர வேண்டாம். என்னால் முடியவில்லை, ஆனால் நான் அதை இரக்கம் என்று பெயரிட்டு வைத்திருந்தேன். கேம் விளையாடிய பிள்ளை வந்தால், அதன் கண்ணைப் பாராட்டுங்கள். படலைகளைப் பற்றிச் சொல்லிக் கொடுங்கள். கேமைக் குற்றம் சொல்லுமுன் உங்கள் காலைக் குனிந்து பாருங்கள்.

ஜெசிந்தா திரும்ப ஓட்டச் சம்மதித்தது சில வாரங்களுக்குப் பிறகுதான். பயிற்சிக் கார் வேண்டாம், வானிலேயே ஓடிப் பார்ப்போம் என்றாள். காங்கேசன்துறைப் பக்கத்தில் ஆள் நடமாட்டமில்லாத நேரான தெரு ஒன்றுக்குப் போனோம். பெட்டிகளில் ஐஸ் நிரப்பியிருந்தாள், பாரம் பாரமாகவே இருக்கட்டும் என்று. தெரு ஓரத்தில் ஒரு கல்லை அடையாளம் வைத்தோம். அதற்கு முன்னால் நிற்க வேண்டும்.

முதல் தடவை வான் கல்லைத் தாண்டிப் போய் நின்றது. இரண்டாவது தடவையும் தாண்டியது. மூன்றாவது தடவையும் தாண்டித்தான் நின்றது. அவள் எஞ்சினை அணைத்துவிட்டு, என் காலடியைப் பார்த்தாள்.

"சேர், என்ன செய்யிறியள்?"

குனிந்து பார்த்தேன். மிதி எதுவும் இல்லாத அந்த வானின் வெறும் தரையை என் வலது கால் இறுக்கி அழுத்திக்கொண்டிருந்தது. செருப்பு வளைந்திருந்தது.

"நீங்கள் அமத்திறதைப் பாத்தால் என்ரை கால் சும்மா இருக்குது, சேர். மேலை தூக்கி வையுங்கோ."

செருப்பைக் கழற்றினேன். இந்த வயதில் சிரமப்பட்டு இரண்டு கால்களையும் சீற்றின் மேல் மடக்கிச் சம்மணம் போட்டு இருந்தேன். பூசைக்கு இருப்பவன் போல இருந்திருப்பேன். அவள் சிரிக்கவில்லை. தெரு முனைக்குப் போய்த் திருப்பி, வேகம் எடுத்து வந்தாள். கல் பெரிதாகிக்கொண்டு வந்தது. என் கால் துடித்தது. இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டேன். அவள் மிதித்தாள். பின்னால் ஐஸ் பெட்டிகள் இடித்துக்கொண்டு முன்னே வந்தன. வான் நின்றது.

கல் முன்னால் இருந்தது.

அவள் ஸ்ரியறிங்கை விடாமல், என்னைப் பார்க்காமல், கல்லைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"சேர், இப்ப நிப்பாட்டினது நான்தானே?"

"ஓம் பிள்ளை" என்றேன். "நீதான்."